ஊர்க் குறூப்பில் நான் கேட்ட புத்தகம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்தல். வாசல் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. மகள் அபிக்கு அம்மாள் வருத்தம். முகம், முதுகு, தலைக்குள்ளும் கொப்புளம். வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, வெளியாட்கள் வருவதில்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் சட்டம் தெரியாமல் வந்து போகிறது.

இன்று செய்ய வேண்டியவை:
வேப்பிலை மாற்ற.
இளநீர்.
சங்கக்கடை வேலைக்குப் பிந்திப் போவேன் என்று சொல்ல.
சமூக அசமத்துவம்.

கடைசி வேலை சும்மா இருந்த என் தலையில் விழுந்தது. அபி கம்பசில் கடைசி வருடம். ஆய்வு ஒன்று எழுத வேண்டும். எங்கள் ஊரைப் பற்றி, கீரிமலைப் பக்கம். ஆமி பிடித்து வைத்திருந்து திருப்பி விட்ட காணிகளுக்கு உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மற்றவர்களுடைய காணியில் கொட்டில் போட்டுக் குடியிருந்தவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை, இன்னும் முகாமில். அது ஏன் என்று இவளுக்குத் தெரிய வேண்டுமாம். எந்தெந்தப் புத்தகம், எந்தெந்த அறிக்கையை வைத்து எழுதப் போகிறாள் என்று வருகிற திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் தலைப்பு பறிபோகும். கம்பஸ் மிஸ் வேறு தலைப்புத் தருவா. 'மாணவரும் கைத்தொலைபேசிப் பாவனையும்.' அதைக் கேட்டதும் அபி போர்வைக்குள் அழுதாள்.

மஞ்சு அவளுடைய போனைப் பறித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். "அம்மாள் இருக்கேக்கை உந்த வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது. படிப்பு ஓடிப்போகாது."

"ஓடிப்போகும் அம்மா. திங்கட்கிழமை."

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளை, நான் ஓ.எல்.லிலை கணக்கிலை விழுந்தவன்."

"இது கணக்கில்லை அப்பா."

"அப்ப சரி" என்றேன். அவ்வளவுதான் என் துணிச்சல்.

இதை எனக்கு மட்டும் எழுதி வைக்கிறேன்: ஒன்றும் கிடைக்காமல் போனால் நல்லது. அத்தான், மஞ்சுவின் அண்ணை, ரொறொன்ரோவில். ஊரில் அவருக்கு வந்த காணியை அபிக்குச் சீதனமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காணியின் கிழக்கு மூலையில் முன்பு கொட்டில்கள் இருந்தன. இப்போது சுற்றிவர முட்கம்பி, உள்ளே பற்றை. அபி எழுதப் போவது அந்த மூலையைத்தான். கைத்தொலைபேசிப் பாவனை என்ன பாவம் செய்தது?


மார்ச் 4, செவ்வாய்

பஸ்ஸில் யாழ்ப்பாணம். நூலகத்துக்குள் சாப்பாட்டுப் பெட்டியோடு போகப் பார்த்துப் பிடிபட்டேன். பை வாசலில், தண்ணீர்ப் போத்தல் வாசலில். வெறுங்கையோடு உள்ளே போனபோது ஆசுபத்திரிக்கு வந்தவன் மாதிரி இருந்தது.

உசாத்துணைப் பகுதியில் பொறுப்பாக ஒரு அம்மா. மெல்லிய குரல்.

"என்ன தேடுறியள் ஐயா?"

"சமூக அசமத்துவம் இருக்கோ?"

சங்கக்கடையில் சீனி இருக்கோ என்று ஆட்கள் என்னிடம் கேட்கிற அதே தொனி.

"அது எல்லா இடமும் இருக்கு. உங்களுக்குப் புத்தகமாய் வேணுமோ, ஆய்வேடோ, பழைய பேப்பரோ?"

மேசையில் படித்துக்கொண்டிருந்த பெடியள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. மகளுக்கு என்றேன். மகள் ஏன் வரவில்லை என்றா. "அம்மாள்" என்றேன். அவ இருந்த கதிரை கொஞ்சம் பின்னால் போனது. "எனக்குச் சின்னனிலையே வந்து போட்டுது" என்றேன். கதிரை திரும்பி வந்தது.

அந்த அம்மா சொன்னவை (மறக்கக்கூடாது):
— ச.அ. என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாடப்புத்தகம்தான் வரும். (இனி ச.அ. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.)
— நடந்த விசயத்தின் பெயரை வைத்துத் தேடவேண்டும். காணி. குடியிருப்பு. இடப்பெயர்வு. முகாம். "அதுகளுக்குள்ளைதான் அசமத்துவம் ஒளிச்சிருக்கும் ஐயா."
— பிரதேச செயலகப் புள்ளிவிபரக் கைநூல் பார்க்கலாம்.
— உசாத்துணைப் புத்தகம் வீட்டுக்குத் தரமாட்டார்கள். போட்டோக்கொப்பி மட்டும்.

எங்கள் ஊரின் வரலாறு என்று ஒரு புத்தகம் அகப்பட்டது. சந்தோசமாகப் பிரித்தேன். கோயில், பள்ளிக்கூடம், விதானையார், தலைமை வாத்தியார், தலைப்பாகையோடு ஐந்தாறு பெரிய மனிதர். மஞ்சுவின் அப்பப்பாவும் ஒரு படத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். கொட்டில்களைக் காணவில்லை. ஒருவேளை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

ச.அ. கோட்பாடு பற்றிய புத்தகங்களில் சில பக்கங்கள் போட்டோக்கொப்பி எடுத்து, சுருட்டி, வீரன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். கால் கழுவி, வாசலில் நின்று நீட்டினேன்.

அபி புரட்டினாள். "அப்பா, இதை எழுதினது ஆர்?"

"ஏன், உள்ளுக்கை இல்லையோ?"

"புத்தகத்தின்ரை பெயர்? எந்த வருசம்?"

முன்பக்கம் எடுக்கவில்லை. ஒன்றுக்கும் எடுக்கவில்லை. முன்பக்கத்தில் விசயம் ஒன்றும் இல்லையே என்று காசை மிச்சம் பிடித்தேன்.

"தாய் தேப்பன் பேர் தெரியாத பிள்ளையளைக் கொண்டந்திருக்கிறியள்" என்றாள். கொப்புளத்தோடு சிரித்தாள். சிரித்ததில் முகம் நொந்திருக்கும்.


மார்ச் 5, புதன்

கடையில் அரிசிச் சாக்கை எலி வெட்டியிருக்கிறது. சங்கத் தலைவர் வந்து என்னைப் பார்த்த பார்வையில் சாக்கை வெட்டியதே நான்தான்.

பின்னேரம் இணையம். அபி அறைக்குள், நான் கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில், நடுவில் மஞ்சு மறைப்புக்குப் போட்ட சீலை. அபி உள்ளிருந்து சொல்ல நான் தட்டவேண்டும். கம்பஸ் கணக்கின் பாஸ்வேர்ட்டை அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம். சாமிக்கு அர்ச்சனை சொன்ன மாதிரி நானும் திருப்பிச் சொன்னேன். பிழை. மறுபடி பிழை. மூன்றாம் முறை கணக்கே பூட்டுப்பட்டது.

"அப்பா!"

"நட்சத்திரம் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை."

பூட்டுத் திறக்க நாளை யாரையோ கேட்க வேண்டுமாம். அதுவரை திறந்த பக்கங்களில் தேடு என்றாள். தேடினேன். முதலில் வந்தது ஒரு சுவாமியார் பேசுகிற வீடியோ. சமத்துவத்தைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். அது ஆதாரம் இல்லையாம். பிறகு ஒரு செய்தித்தளம். யார் எழுதியது, எங்கே கேட்டு எழுதியது என்று இருக்கிறதா பாருங்கோ என்றாள். இல்லை. அதுவும் ஆதாரம் இல்லை. என் வாழ்க்கையில் இதுவரை நான் நம்பிய ஒன்றுமே ஆதாரம் இல்லைப் போலிருக்கிறது.

ஒரு சஞ்சிகைக் கட்டுரை அகப்பட்டது. முதற் பக்கத்தைக் காட்டிவிட்டு மிச்சத்துக்குக் காசு கேட்டது.

"கடைசிக்குப் போங்கோ அப்பா. அவை பாத்த புத்தகங்களின்ரை பட்டியல் சும்மா திறக்கும். அதிலை எங்கடை பக்கத்தைப் பற்றி என்ன இருக்கெண்டு பாருங்கோ. அந்தப் பெயரைத் திருப்பித் தேடுங்கோ."

போனேன். பட்டியலில் ஒரு ஆய்வேடு. முன்பு ஒரு மாணவி எழுதியது, வலிகாமம் வடக்கு முகாம்களைப் பற்றி. நூலகத்துக்குப் போன் எடுத்தேன். இருக்கிறதாம். சனிக்கிழமை வரச் சொன்னா அந்த அம்மா. சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்தன. எது கூட என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. என் யோசனை. மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊர்க் குறூப்பில் கேட்டால் என்ன? ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எங்கள் ஊர்ச்சனம் முழுக்க வட்ஸ்அப்பில் இருக்கிறது. யாரிடமாவது பழைய புத்தகம் இருக்காதா? நல்ல தமிழில் எழுதினேன்:

'அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம். என் மகள் அபிராமி எமது ஊரின் சமூக ஏற்றத்தாழ்வு பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இது சம்பந்தமான புத்தகம், கோயில் மலர், பழைய பத்திரிகை வைத்திருப்போர் அனுப்பி உதவவும். நன்றி.'

கீழே ஒரு தாமரைப்பூ. அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.


மார்ச் 6, வியாழன்

காற்று இல்லை. விசிறி சுத்தினாலும் சூடு.

விடிய எழும்பிப் போனைப் பார்த்தேன். வந்தவற்றில் சில:

முதல் மூன்று பேர்: 'மகளுக்கு வாழ்த்துகள்.' ஒருவர் கேக் படமும். வாசிக்காமல் வாழ்த்துகிற நல்ல மனசுக்காரர்.

பாரிஸ்: 'எங்கடை ஊரிலை என்ன ஏற்றத்தாழ்வு? எல்லாரும் ஒரு தாய் பிள்ளையள் மாதிரி இருந்தனாங்கள்.'

லண்டன்: 'எல்லாரும் எண்டால் ஆர் ஆர் அண்ணை?'

பாரிஸ்: 'நீர் சின்னப் பிள்ளை. உமக்கு ஊர் தெரியாது.'

சுவிஸ்: 'படிக்க விட்டால் பெட்டையளுக்கு உதுதான் வேலை.'

பெயர் தெரியாத இலக்கம்: 'குறூப்பிலை அரசியல் வேண்டாம்.' அடுத்ததாக ஒரு முருகன் படம்.

லண்டன் வெளியேறினார்.

ஒருவர் மட்டும் கேட்டதைத் தந்திருந்தார். கோயில் கும்பாபிசேக மலர். திறந்தால் முதற்பக்கம் முழுக்க அவருடைய படம்.

சோறு வாயில் வைக்கப் போகும்போது அத்தானின் அழைப்பு வந்தது. குறூப்பின் நிர்வாகி அவர்தான்.

"நீர் என்ன வேலை பாத்தனீர்?"

"புத்தகம் கேட்டனான் அத்தான்."

"புத்தகமோ? இஞ்சை இரவிரவா எனக்குப் போன். உங்கடை மச்சினன்ரை மகள் ஊரை இழுத்துத் தெருவிலை விடுறாளாம் எண்டு. அபி எழுதுறது எங்கடை கிழக்கு மூலையைப் பற்றியோ?"

"சரியாய்த் தெரியேல்லை அத்தான்." பொய்.

"தெரிஞ்சு சொல்லும். அந்தக் காணி ஆருக்கெண்டு நான் வைச்சிருக்கிறன் எண்டு உமக்குத் தெரியும்தானே."

என் பதிவை அழித்துவிட்டார். வாழ்த்துகளும் கேக்கும் அப்படியே நிற்கின்றன.

மஞ்சு என்னோடு கதைப்பதில்லை. கோப்பையை வைக்கிற சத்தத்தில் கதைக்கிறாள். சீலைக்கு அந்தப் பக்கம் அபி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சத்தம் நின்றது.

"அப்பா."

"ம்."

"தலைப்பை மாத்தச் சொல்லுறியளோ?"

நான் வேண்டியிருந்த கேள்வி. ஓம் என்று ஒரு சொல். சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேப்பிலை மாற்ற வேண்டும் என்று எழும்பிப் போனேன். வேப்பிலை காலையில்தான் மாற்றியது.


மார்ச் 7, வெள்ளி

கடை. பருப்பு வந்தது, தேங்காயெண்ணெய் வரவில்லை.

மத்தியானம் செல்வம் வந்தான். மேசன் வேலை. முகாமில்தான் இன்னும். எட்டாம் வகுப்பு வரை எனக்குப் பக்கத்து வாங்கு. அத்தான் காணியின் கிழக்கு மூலையில் இருந்த கொட்டில்களில் ஒன்று இவர்களுடையது. மாதத்தில் நாலு தரம் சாமான் வாங்க வருகிறான். அந்த மூலையைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை. கிரிக்கெட் கதைப்போம்.

"மனேச்சர், ரண்டு கிலோ மா." அப்படித்தான் கூப்பிடுவான், பகிடிக்கு. பிறகு மெல்ல: "உன்ரை மகள் எங்களைப் பற்றித்தான் எழுதுறாளாம்?"

மா அள்ளிய கை நின்றது. "உனக்கு ஆர் சொன்னது? நீயும் குறூப்பிலை இருக்கிறியோ?"

"ஆர், நானோ?" சிரித்தான். "எங்களை ஆர் அதிலை சேர்க்கிறது? தேத்தண்ணிக் கடையிலை கதைச்சாங்கள்."

அவன் மாவோடு வெளிக்கிட முன், மேசைக்குக் கீழே போனை வைத்துக் குறூப்பின் ஆட்களை மேலிருந்து கீழே பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். கிழக்கு மூலை ஆட்கள் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்து ஒழுங்கை ஆட்களும் இல்லை. இத்தனை வருடமாகக் காலை வணக்கமும் முருகன் படமும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இதைக் கண்டதில்லை. ஊர்ச்சனம் முழுக்க இருக்கிறது என்று முந்தநாள் இதே கொப்பியில் எழுதியவன் நான்.

"செல்வம், அவள் எழுதலாமோ?"

"அதை ஏன் என்னைக் கேக்கிறாய்?"

"வேறை ஆரைக் கேக்கிறது?"

மாப்பையைத் தோளில் போட்டான். "எழுதட்டும். பாவங்கள், ஏழையள் எண்டு மட்டும் எழுத வேண்டாமெண்டு சொல்லு. மஞ்சுவின்ரை ஐயாவின்ரை கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டது என்ரை அப்பு. அதை எழுதச் சொல்லு."

மா நிறுத்தபோது தராசைப் பார்க்கவில்லை. எவ்வளவு போட்டேனோ தெரியாது. சங்கக் கணக்கில் இடிக்கும்.


மார்ச் 8, சனி

பஸ்ஸில் இடம் இல்லை. நின்றபடி யாழ்ப்பாணம்.

ஆய்வேட்டை அந்த அம்மா எடுத்து வைத்திருந்தா. தடித்த நீல மட்டை. ஆய்வேடு முழுவதும் கொப்பி எடுக்க விடமாட்டார்களாம், சில பக்கம்தான். மிச்சம் கையால் எழுதலாம். பேனை கூடாது, பென்சில். பென்சிலும் அவவே தந்தா.

முதலில் முன்பக்கம் எழுதினேன். எழுதியவர் பெயர், தலைப்பு, வருடம், எந்தத் துறை. பாடம் படித்துவிட்டேன்.

பிறகு எழுத எழுத என்ன நடந்தது என்றால், நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். கொப்பி எடுக்கிறவன் வாசிப்பதில்லை. கையால் எழுதுகிறவனுக்கு வேறு வழி இல்லை. அந்தப் பிள்ளை முகாம் முகாமாகப் போய்க் கேட்டிருக்கிறாள். காணி திறந்தபோது உறுதி கொண்டு வா என்றார்களாம், உறுதி இல்லாதவர்கள் காணிக்காரரிடம் கடிதம் கொண்டு வா என்றார்களாம். காணிக்காரர் வெளிநாட்டில். சிலர் பதில் போடவில்லை. சிலர் இனி இருத்தினால் எழுப்ப ஏலாது என்று மறுத்தார்களாம்.

அத்தானுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததோ? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை எழுதி வைக்கிறேன்.

கை விறைத்தது. சாப்பாட்டுப் பெட்டி வாசலில் அவிந்திருக்கும், போகவில்லை. அந்த அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்தா. "ஐயா, உங்கடை மகள் குடுத்து வைச்சவள்." அவவுக்கு என்ன தெரியும். முதல் நாள் இதே வாசலால் நான் என்ன வேண்டிக்கொண்டு உள்ளே வந்தேன் என்று தெரிந்தால் கதிரை திரும்பப் பின்னால் போகும்.

வீட்டுக்கு வந்து கால் கழுவி, சீலைக்கு மேலால் தாள்களை நீட்டினேன். "முன்பக்கத்தோடை!"

அவள் வாங்கவில்லை.

"அப்பா, மாமா எடுத்தவர். அம்மாவின்ரை போனிலை. நான் தலைப்பை மாத்துறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"மாமாவுக்கு. மிஸ்ஸுக்குத் திங்கட்கிழமை சொல்லுறன். அம்மா அழுதவ. காணியில்லாமல் என்னை ஆர் கட்டுவினம் எண்டு."

நினைத்தது நடந்துவிட்டது. கைத்தொலைபேசிப் பாவனை. நான் சிரித்திருக்க வேண்டும். தாளைப் பிடித்த கை இறங்க மாட்டேன் என்கிறது.

"வாசிச்சுப் பார் பிள்ளை."

"என்னத்துக்கு?"

"நான் எழுதினது. எழுத்துப்பிழை இருந்தால் சொல்லு."

பிறகு சீலைக்குக் கீழால் ஒரு கை வந்து தாள்களை எடுத்தது.


மார்ச் 9, ஞாயிறு

கோயில் ஒலிபெருக்கி விடியவே தொடங்கிவிட்டது. அம்மாள் வீட்டுக்காரர் போகக்கூடாது. ஒரு விதத்தில் நல்லது, யாரையும் பார்க்க வேண்டாம்.

அபிக்குக் கொப்புளம் வாடுகிறது. நாளைக்குத் தண்ணீர் வார்க்கலாம் என்கிறாள் மஞ்சு.

அத்தானுக்கு எடுப்பதா விடுவதா. காலை முழுக்க இதுதான். கிணற்றடியில் ஒத்திகை பார்த்தேன். 'அத்தான், கோபிக்கக்கூடாது.' இல்லை. 'அத்தான், நான் ஒரு விசயம்.' அதுவும் இல்லை. குளித்து முடிந்தது, வசனம் வரவில்லை. அவர் எனக்கு என்ன குறை விட்டவர்? இடம்பெயர்ந்து வந்த நேரம் இந்த வீட்டுக்கு ஓடு போட்டது அவர் அனுப்பிய காசில். அதை மறந்தால் நான் மனிசனில்லை. இதையும் அதையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு எப்படிக் கதைப்பது?

எடுத்தேன்.

"என்ன, அபிக்குச் சுகமோ?"

"சுகம் அத்தான். அந்தத் தலைப்பு விசயம்..."

"அது முடிஞ்சுது. நல்ல பிள்ளை, சொன்னவுடனை விளங்கிக்கொண்டாள்."

"அவள் அதையே எழுதட்டும் அத்தான்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"நீர் என்ன கதைக்கிறீர் எண்டு தெரிஞ்சோ கதைக்கிறீர்? எங்கடை காணியிலை இருந்த சனத்துக்கு நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்? வருசத்துக்கு வருசம் திருவிழாவுக்கு வேட்டி சீலை எடுத்துக் குடுத்தவர் எங்கடை ஐயா."

"ஓம் அத்தான். அதையும் எழுதுவாள்."

பகிடியாகச் சொல்லவில்லை. உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அப்ப சீதனத்துக்கு வேறை காணி பாரும்" என்றார். வைத்துவிட்டார்.

வாங்கில் உட்கார்ந்தேன். மஞ்சு அடுப்படி வாசலில், அரிசி புடைக்கிற சுளகோடு. எல்லாம் கேட்டிருக்கிறாள். இருபத்தாறு வருடக் குடும்பத்தில் இப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை. சுளகைக் கீழே வைத்தாள். என்ன வரப்போகிறதோ என்று இருந்தேன்.

"உங்கடை தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

குறூப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பின்னேரம்தான் கவனித்தேன்.


மார்ச் 10, திங்கள்

வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அபிக்கு வார்த்தது. மெலிந்து, புள்ளி புள்ளியாக, புதுச்சட்டையோடு வந்து விறாந்தையில் இருந்தாள். போன் அலுமாரியால் வெளியே வந்தது, கணக்கின் பூட்டும் திறந்தது. கண் இன்னும் கூசுகிறதாம். அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், ஒரு விரலால்.

"எழுதினவரின்ரை பெயர். காற்புள்ளி. வருசம், அடைப்புக்குறிக்குள்ளை. அப்பா, அடைப்பை மூடுங்கோ."

"மூடினனான்."

"மூடேல்லை."

சஞ்சிகைக் கட்டுரை, ஆய்வேடு, பிரதேச செயலகக் கைநூல், முன்பக்கம் இல்லாத அநாதைகளுக்கு நான் போனில் கேட்டு எடுத்த பெயர்கள். ஊர் வரலாற்றுப் புத்தகமும் போட்டாள். "அதிலை ஒண்டும் இல்லையே?" என்றேன். "ஒண்டும் இல்லையெண்டதுக்குத்தான் போடுறன்" என்றாள்.

நடுவில் மஞ்சு கறிவேப்பிலை உருவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்: "கிழக்கு மூலையிலை அஞ்சு கொட்டில். கிணத்தடியிலை இருந்தது செல்வத்தின்ரை தாய். அவவுக்கு எங்கடை கிணத்திலை அள்ள விடுறேல்லை. நான் பள்ளிக்கூடத்தாலை வந்து அள்ளி ஊத்துவன், அவ குடத்தைப் பிடிப்பா."

அபியின் வாய் திறந்தபடி. "அம்மா, இதை நான் எழுதலாமோ?"

"என்ரை பெயரை மாத்திப் போடு. அண்ணைக்குப் பிடிபடக்கூடாது."

"என்ன பெயர் போட?"

"ஏதாவது ஒரு நடிகையின்ரை பெயர். நல்ல வடிவான ஒருத்தியாப் பாத்துப் போடு."

அனுப்பியாயிற்று. பிறகு காத்திருப்பு. நான் முற்றம் கூட்டினேன், கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினேன். பின்னேரம் மிஸ் எடுத்தா. தலைப்பு நிற்கட்டுமாம். ஆதாரங்கள் போதுமாம். ஒரு நிபந்தனை: கேட்டு எழுதுகிற ஆட்களின் உண்மைப் பெயர் எங்கும் வரக்கூடாது, மாற்றுப் பெயர்தான். அவர்களுடைய பாதுகாப்புக்கு.

அபி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மஞ்சு இரவுச் சாப்பாட்டுக்குத் தாளித்தாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு எத்தனை நாள்.


மார்ச் 11, செவ்வாய்

எதிர்பாராத மழை. கடை வாசலில் சேறு.

செல்வத்துக்கு நானே சொல்லி அனுப்பினேன். நனைந்துகொண்டு வந்தான். விசயத்தைச் சொன்னேன். அபி முகாமுக்கு வந்து கேட்டு எழுதுவாள், அவனும் கதைக்க வேண்டும், முகாமில் அவனோடு இருக்கிற மாமியும். பெயர் வராது, பயப்பட வேண்டாம், வேறு பெயர்தான் போடுவார்கள். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னேன்.

"வேறை பெயரோ?"

"உங்கடை பாதுகாப்புக்குத்தான்."

"ஆரிட்டையிருந்து?"

சாக்கின் வாயைக் கட்டினேன்.

"இஞ்சை பார் பாலன்," என்றான். மனேச்சர் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இன்றுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "எங்கடை பெயர் உறுதியிலை இல்லை. திரும்பிப் போனவையின்ரை பட்டியலிலை இல்லை. உங்கடை குறூப்பிலையும் இல்லை. உன்ரை மகள் எழுதுறதிலையும் இல்லையெண்டால் பிறகேன் எங்களை எழுத வேணும்? ஒரு கடுதாசித் துண்டு எடு."

பருப்புப் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். அவன் சொன்னபடி. முதலெழுத்தோடு அவன் பெயர். அப்புவின் முழுப் பெயர். தாயின் பெயர். மாமியிடம் கேட்டுவிட்டு வந்து அவவின் பெயரும் சொல்கிறானாம்.

வீட்டில் அபி துண்டை நெடுநேரம் பார்த்தாள். "மிஸ் விடமாட்டா அப்பா. விதி."

"கேட்டுப் பாத்தால் என்ன?"

"நான் கேட்டால் படிக்கிற பிள்ளை கதைக்கிற மாதிரி இருக்கும். நீங்கள் கதைக்கிறியளோ?"

"நானோ? கம்பஸ் மிஸ்ஸோடையோ?"

"உங்களிட்டைத்தானே அவர் சொன்னவர்."

அபி கேட்டு வைத்தாள், நாளை காலை பத்து மணிக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறா மிஸ். என்ன சொல்லித் தொடங்குவது? கிணற்றடியில் நின்று பார்த்தேன். வணக்கம் மிஸ். நான் அபிராமியின் அப்பா. சங்கக்கடையில் வேலை. அதற்கு அடுத்த வசனம் பருப்புப் பில்லின் பின்பக்கத்தில் இருக்கிறது.